காய்ச்சல் வந்த வீட்டுக்கு அயலவர் காவல்

பார்ப்போம்

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. "வீட்டிலேயே இருங்கள், ஒரு மீற்றர் விலகி நில்லுங்கள்" என்ற ஒரே அறிவுரை எல்லோருக்கும் வழங்கப்பட்டது. ஆனால் மாத்தளைத் தோட்டங்களில் ஒரே லயன் அறையில் முழுக் குடும்பமும் உறங்குகிறது. காணியிழந்து வந்து நாட்கூலியில் வாழும் எங்களுக்கு, வீட்டில் இருந்தால் உலை கொதிக்காது. அந்த ஏப்ரலில் அரசு கொடுத்த 5000 ரூபா எத்தனை நாளைக்குப் போதும்? பசிக்கு அஞ்சுபவர் காய்ச்சலை மறைத்தாவது வேலைக்குப் போகவே நினைப்பார்.

ஆராய்வோம்

கோவிட் கிருமி, தொற்றியவரின் பேச்சிலும் இருமலிலும் மூச்சிலும் வெளிவரும் நுண்துளிகளோடு காற்றில் கலக்கிறது. ஈர விறகு எரியும் அடுப்பை நினைத்துக்கொள்வோம். யன்னல் சாத்திய அறையில் புகை தேங்கி எல்லோர் கண்ணையும் கரிக்கும். கதவையும் யன்னலையும் திறந்தால் வெளியேறும். இக்கிருமியும் அப்படியே.

நோய்க்குறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இது பிறருக்குத் தொற்றக்கூடும். ஆகவே நோயாளியைப் பழிப்பது நியாயமல்ல. பழிக்கு அஞ்சி மறைக்கப்படும் நோயே ஊரெங்கும் பரவும்.

செயற்படுவோம்

1. இருமல், காய்ச்சல் உள்ளவரை யன்னலோரம் அல்லது காற்றோட்டமான விறாந்தையில் தனியே படுக்கவைப்போம். அவரும் பராமரிப்பவரும் முகக்கவசம் அணியட்டும். சவர்க்காரமிட்டுக் கை கழுவட்டும்.

2. சங்கக் கூட்டங்களையும் செபக் கூட்டங்களையும் மரநிழலில் நடத்துவோம்.

3. எங்கள் மரண உதவிச் சங்கம் சாவுக்குப் பணம் சேர்க்கிறது. உயிர் காக்கவும் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்க்கட்டும். நோயுற்ற குடும்பத்தின் வாசலில் அரிசியும் பருப்பும் விறகும் வைப்போம். அவர்களின் மாட்டையும் பயிரையும் அயலவர் முறைவைத்துப் பார்ப்போம்.

4. மூச்சுத்திணறல் வந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோம். அதற்கான வாகனத்தை முன்கூட்டியே பேசிவைப்போம்.

5. இலங்கையில் 2021 ஜனவரியில் தொடங்கிய தடுப்பூசி பல உயிர்களைக் காத்தது. முதியோருக்கு எது தேவையென்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறிவோம்.

இவை சளிக்காய்ச்சல் பரவும் மாதங்களுக்கும் பொருந்தும். புதிய குடியேற்றத்தில் பக்கத்து வீட்டாரின் பெயர்கூட நமக்குத் தெரியாதிருக்கலாம். அந்த அறிமுகத்தை நோய் வருமுன்னே தேடிக்கொள்வோம்.

குழுவில் கலந்துரையாட

- எங்கள் குடியிருப்பில் தனியே வாழும் முதியோர் யார்?
- ஒரு குடும்பம் 2 வாரம் வேலைக்குப் போகாதிருக்க, நாம் என்ன கொடுக்க வேண்டும்?
- அந்தப் பொறுப்பை யார் ஏற்பது?