உளவியல் ஒரு விஞ்ஞானமா?

மாணவர்களே, ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியில் நீராடியோர் “மனம் ஆறியது” என்பர். இது விஞ்ஞான முடிவாகுமா?

ஒரு துறையை விஞ்ஞானமாக்குவது அது ஆராயும் பொருளன்று, ஆராயும் முறையே. அவதானம், கருதுகோள், பரிசோதனை, முடிவு என்பன அதன் படிகளாகும். கருதுகோள் பிழையெனக் காட்டப்படக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்றார் கார்ள் பொப்பர் (1934).

கருதுகோள்: கிணற்று நீரைவிடக் கேணி நீர் மனத்தை ஆற்றும்.

பரிசோதனை: ஒத்த வயதினரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்குக. ஒரு குழு கேணியிலும் மற்றையது வீட்டுக் கிணற்றிலும் நீராடட்டும். முன்னும் பின்னும் ஒரே வினாக்கொத்தைக் கொடுக்குக.

முடிவு: பலமுறை செய்தும் வேறுபாடு இல்லையெனில் கருதுகோள் கைவிடப்படும். வேறுபாடு இருப்பினும், அதற்குக் காரணம் நீரா, நம்பிக்கையா என மேலும் சோதித்தல் வேண்டும்.

வில்ஹெம் வுண்ட் 1879 இல் லைப்சிக்கில் உளவியல் ஆய்வுகூடம் அமைத்தார். எபிங்ஹவுஸ் மறதியை அளந்து 1885 இல் வெளியிட்டார். எனவே, சோதனைக்கு உட்படும் அளவில் உளவியலும் விஞ்ஞானமே.

இதனால் பயன் என்ன? 1990 இல் கீரிமலை மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். அத்தகையோரின் மனத்துயரை எது ஆற்றும் என்பதை ஊகித்தல் போதாது. சோதித்தே அறிதல் வேண்டும்.

பயிற்சி: “விடியற்காலையில் படித்தது மறவாது.” இதனைச் சோதிக்க ஒரு பரிசோதனை அமைக்க.