பெட்டியின் சுருதி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மெல்லிசைக் குழுவினர் உன்னை நம்பி ஒப்படைத்திருக்கும் அந்தப் பழைய பேஸ் பெட்டியிலிருந்து கரகரக்கும் 15 அங்குல ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, கடைக்காரர் சிபாரிசு செய்யும் 600 வாட் ஸ்பீக்கரைப் பூட்டி, முகப்பிலுள்ள 10 சென்டிமீட்டர் துளையையும் 15 ஆக அறுத்துவிட்டால் அடிநாதம் பிரமாதமாக இறங்கிவரும் என்று எழுதியிருக்கிறாய். உன் உற்சாகம் எனக்கு மிகுந்த சந்தோஷம் தருகிறது. ஆயினும் ரம்பத்தைக் கையில் எடுக்குமுன் நான் சொல்லப்போகும் விஷயங்களைச் சற்றே பொறுமையோடு படி.

ஒடுங்கிய கழுத்துள்ள குடத்தின் வாயில் ஊதினால் ஒரே ஒரு ஸ்வரம்தான் எழும் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்திருப்பாய். குடத்தின் வயிற்றில் அடைபட்ட காற்று சுருள்வில்லாகவும், கழுத்திலுள்ள காற்று அந்த வில்லில் தொங்கும் எடையாகவும் நின்று ஆடுவதாலேயே அந்த ஸ்வரம் பிறக்கிறது என்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி விளக்கினார். இந்தத் தத்துவத்தை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பிரயோகித்து, கோனின் பின்புறம் வீணாகும் ஒலியையும் முன்னே கொணரும் உபாயத்துக்கு 1932-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உன் பெட்டியின் துளை வெறும் காற்றுப்போக்கி என்று எண்ணிவிடாதே. அந்தப் பெட்டிக்கு ஒரு சுருதி உண்டு, அதை நிர்ணயிப்பது பெட்டியின் கொள்ளளவும் அந்தத் துளையுமே.

இப்போது உன் யோசனையைப் பரிசீலிப்போம். உட்புறம் 75, 50, 34 சென்டிமீட்டர் என்று அளந்து எழுதியிருக்கிறாய். குறுக்குச் சட்டங்களும் ஸ்பீக்கரின் பின்னுடலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் 120 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கொள்ளளவில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை, குழல் ஏதுமின்றிப் பலகையின் கனத்தை மட்டுமே நீளமாகக் கொண்டிருந்தால், சுருதி ஏறத்தாழ 44 ஹெர்ட்ஸில் நிற்கும். பேஸ் கிடாரின் நான்காம் தந்தியாகிய 'ஈ' 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், பெட்டியைச் செய்தவர் விஷயம் தெரிந்தவர் என்பது விளங்கும். அதே துளையை நீ 15 சென்டிமீட்டராக அறுத்தாயானால் சுருதி இறங்காது. 55 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். வாய் அகன்றால் நாதம் தாழும் என்று எண்ணுவது புதிதாக இத்தொழிலில் இறங்குகிறவர்கள் அநேகருக்கு நேரும் மயக்கம். அறுத்த பலகையை மீண்டும் ஒட்டுவதோ மகா கஷ்டம்.

ஆனால் என் கணக்கையும் அப்படியே நம்பிவிடாமல், பெட்டியையே கேள். ஒரு சிக்னல் ஜெனரேட்டரை ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் இணைத்து, ஸ்பீக்கரின் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டேஜில் வைத்துக்கொண்டு, 120 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கி வா. அளவு முதலில் ஏறி ஒரு சிகரத்தைத் தொடும். பிறகு பள்ளத்தில் இறங்கும். மீண்டும் இரண்டாவது சிகரம் ஏறி அப்பால் தணியும். இரு சிகரங்களுக்கும் நடுவிலுள்ள அந்தப் பள்ளமே பெட்டியின் சுருதி. அந்த அலைவெண்ணை வைத்துக்கொண்டு, ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, மிதமான ஓசையில் கோனின்மேல் விரல்நுனியை லேசாக வைத்துப் பார்: கோன் அநேகமாக அசைவற்று நிற்கும், துளையருகே பிடித்த மெல்லிய காகிதத் துண்டோ படபடவென்று துடிக்கும். அந்த ஸ்தானத்தில் பாடுவது துளையே, ஸ்பீக்கர் அன்று. இந்தக் காட்சியை ஒருமுறை கண்ணால் கண்டவன் பிறகு ஒருபோதும் போர்ட் எனப்படும் அந்தத் துளையை அலட்சியம் செய்யமாட்டான்.

பள்ளம் விழும் இடம் பெட்டியையும் துளையையும் பொறுத்ததேயன்றி ஸ்பீக்கரைப் பொறுத்ததன்று. ஆகையால் பழைய ஸ்பீக்கரின் காயில் கருகியிருந்தாலும், அதே அளவுள்ள வேறொன்றைத் தற்காலிகமாகப் பூட்டி அளக்கலாம். சிகரங்கள் மழுங்கித் தோன்றினால் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம். ஜாக் தட்டின் ஓரம், கைப்பிடியின் ஆணித் துளைகள், பின்பலகையின் மூலை ஆகியவற்றை அடைத்துவிட்டு மறுபடி அள.

சுருதி தெரிந்த பின்னரே ஸ்பீக்கரைத் தேடவேண்டும். 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் வெளியிட்டு, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்தெழுதிய கணிதத்தின் பயனாக, நல்ல கம்பெனிகள் இன்று தங்கள் ஸ்பீக்கரின் குணாம்சங்களை எண்களாக அச்சிட்டுத் தருகின்றன. அவற்றில் க்யூடிஎஸ் என்பதை முதலில் பார். 0.3 முதல் 0.4 வரை இருந்தால் போர்ட் உள்ள பெட்டிக்கு இசையும், 0.6-ஐத் தாண்டினால் அந்த ஸ்பீக்கர் உன் பெட்டியில் ஒரே ஸ்வரத்தில் 'பூம், பூம்' என்று முழங்கி, மற்றவற்றை விழுங்கிவிடும். அடுத்தது சென்ஸிடிவிட்டி. பழைய ஸ்பீக்கர் 98 டெசிபலும் கடைக்காரர் காட்டும் புதியது 95 டெசிபலும் ஆனால், முன்பிருந்த ஓசையைப் பெறுவதற்கே இருமடங்கு வாட் செலவழிக்க நேரும். 600 வாட் என்பது அது தாங்கும் உஷ்ணத்தின் அளவு. அதன் சங்கீதத்தின் அளவன்று. என் அபிப்பிராயத்தில், கனமான கோனுள்ள 600 வாட்டைவிடச் சுறுசுறுப்பான 300 வாட் ஸ்பீக்கரே அந்தக் குழுவுக்கு உசிதம்.

ஓமையும் கவனி. 8 ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 6-ஐ ஒட்டியே காட்டும். அதைப் பழுது என்று எண்ணாதே. முனைகளின் திசையையும் சோதித்துக்கொள்: 1.5 வோல்ட் பாட்டரியின் பிளஸ் முனையைச் சிவப்பு முனையில் தொட்டால் கோன் வெளியே வரவேண்டும்; பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் இது நேர்மாறு, ஜாக்கிரதை.

போர்ட்டில் கைவைத்தே தீரவேண்டிய காரணம் ஒன்று உனக்கு நேரக்கூடும். புதிய ஸ்பீக்கரின் கோன் பழையதைவிட அதிகம் முன்பின் ஓடுமானால், அந்த ஒற்றைத் துளையில் காற்று 'புஸ் புஸ்' என்று இரைய ஆரம்பிக்கும். அப்போது சுருதியை மாற்றாமல் வாயை மட்டும் விசாலமாக்க வேண்டும்: 10 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள பிவிசி குழாய்கள் இரண்டு, பலகையின் கனத்தையும் சேர்த்து ஒவ்வொன்றும் சுமார் 13 சென்டிமீட்டர் நீளம். முதலில் 16 சென்டிமீட்டராக வெட்டி நுழைத்து, பள்ளம் எங்கே விழுகிறது என்று அளந்து, சிறிது சிறிதாக நறுக்கிக்கொண்டு வா. குழல் குறையக் குறையச் சுருதி ஏறும். ஏற்றிவிட்டதை இறக்கப் புதுக்குழாய்தான் வாங்கவேண்டும். இரு முனைகளின் விளிம்பையும் உப்புத்தாளால் உருட்டிவிடு.

ஐந்து தந்தி வாசிப்பவர் வந்து, தம்முடைய 31 ஹெர்ட்ஸ் 'பி'க்கும் சுருதியை இறக்கச் சொன்னால் இணங்கிவிடாதே. அவ்வளவு தூரம் இறக்கினால் 60-லிருந்து 90 ஹெர்ட்ஸ் வரையுள்ள சரீரம் மெலிந்துவிடும். கச்சேரியில் ஜனங்களின் நெஞ்சில் வந்து மோதுவது அந்தப் பகுதியே. அடிநாதம் குறைந்தாலும் அதன் மேலெழும் மடங்கு அலைவெண்களைக் கொண்டு காது அந்த ஸ்வரத்தைப் புரிந்துகொள்கிறது. சுருதிக்குக் கீழே கோனுக்குக் காற்றின் பிடிமானம் இல்லாததால் அது தறிகெட்டு ஓடும். அதற்கு ஆம்ப்ளிஃபயரின் முன்னே ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் வைப்பதே தக்க பரிகாரம் என்று அவரிடம் விநயமாகச் சொல்.

பழைய ஸ்பீக்கரைக் காயலான் கடைக்குப் போடாதே. மேக்னெட்டும் சட்டமும் நலமாயிருந்தால், கோனும் காயிலும் மாற்றிக் கட்டும் நல்ல கை ஒன்று எங்கேனும் கிடைக்கும். பெட்டிக்கென்றே பிறந்த ஸ்பீக்கருக்கு ஈடாகப் புதியது அமைவது துர்லபம். புதியது வாங்குமுன் இந்த வழியையும் விசாரி.

அளந்தவுடன் சிகரங்களையும் பள்ளத்தையும் எந்தெந்த ஹெர்ட்ஸில் கண்டாய் என்று எழுதியனுப்பு. கடைக்காரர் காட்டும் ஸ்பீக்கரின் குறிப்புத்தாளையும் உடன் வை. இரண்டையும் பார்த்து நான் பதில் எழுதும்வரை முகப்புப் பலகையில் ரம்பம் படவேண்டாம்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்