லூருக்கும் நிழல் வேண்டும்

போன சித்திரையில் என் அரை ஏக்கர் கத்தரியில் மூன்று இனக்கவர்ச்சிப் பொறி கட்டினேன். முதல் வாரம் ஆண் அந்துப்பூச்சிகள் நன்றாக விழுந்தன. அப்புறம் ஒன்றுமில்லை. பூச்சி ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் நுனிக்குருத்தெல்லாம் தலை தொங்கிக் கிடக்கிறது. பறித்த காயில் பாதி சொத்தை. பூச்சி வயலில்தான் இருந்தது, லூர்தான் செத்துப்போச்சு.

தப்பு என்னுடையதுதான். காற்றில் பறந்த பொறி மூடிகளைத் திரும்ப மாட்டவில்லை. மிச்ச லூர்களையும் மோட்டார் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே போட்டு வைத்திருந்தேன்.

எங்கள் வல்லம் வடகாலில் விளக்குப்பொறி எடுபடுவதில்லை. சிப்காட் கம்பெனிகளின் விளக்கு ராத்திரி முழுக்கப் பகல் மாதிரி எரிகிறது; நம்முடைய ஒற்றை பல்பை எந்தப் பூச்சி மதிக்கும்? அதனால் லூரைக் காப்பாற்றியே ஆகவேண்டும்.

பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க விடும் வாசனையைத்தான் லூரில் ஏற்றுகிறார்கள். 1959இல் ஜெர்மனியில் பூட்டனாண்ட் என்ற வேதியியலாளர் பட்டுப்பூச்சியில் இதை முதன்முதலாக இனம் கண்டார். கத்தரி காய்த்துளைப்பானின் வாசனையில் முக்கியமானது 16 கார்பன் கொண்ட ஒரு சங்கிலி. அதில் 11ஆவது கார்பனுக்கு அடுத்து ஓர் இரட்டைப் பிணைப்பு. வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் அந்த இடத்தில்தான் கை வைக்கும். பிணைப்பு உடையும், அல்லது வடிவம் திரும்பிக்கொள்ளும். கையெழுத்தில் ஒரு சுழி மாறினாலும் செக்கைத் திருப்பி அனுப்பினவன் நான். ஆண் பூச்சியும் அந்த ஜாதிதான். போதாததற்குச் சூடு வேறு சரக்கைச் சீக்கிரம் ஆவியாக்கித் தீர்த்துவிடும்.

எல்லா லூரும் ஒன்றல்ல. கத்தரியுடையது அசிட்டேட், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தக்காளி, துவரையைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவுடையது ஆல்டிஹைடு. காற்றுப் பட்டாலே அமிலமாக மாறத் தொடங்கும். பாதுகாப்புப் பொருள் சேர்த்து ரப்பரிலோ பாலித்தீன் குப்பியிலோ ஏற்றி விற்கிறார்கள்தான். அதை நம்பி மொட்டை வெயிலில் தொங்கவிடக் கூடாது.

இப்போது நான் செய்வது: மூடி போன பொறிக்குப் பழைய பிளாஸ்டிக் தட்டைக் கவிழ்த்துக் கட்டுகிறேன். பக்கவாட்டில் காற்று ஓடணும். மூடிக் கட்டினால் வாசனை வெளியே போகாது. பொறியைச் செடி உயரத்துக்கே வைக்கிறேன். ஏக்கருக்கு ஐந்து பொறி. மாட்டிய தேதியை மூடியில் எழுதி, கோடையில் மூன்று வாரத்திலேயே மாற்றிவிடுகிறேன். பிரிக்காத பாக்கெட் ஃபிரிட்ஜில் இருக்கிறது (வீட்டில் இதற்கு ஒரு சண்டை நடந்து முடிந்தது). தென்னையில் சிவப்புக் கூன்வண்டுக்கு வாளிப்பொறி வைப்பவர்களும் அதை நிழலில்தான் வைக்கவேண்டும்.

பொறி காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஒரு பொறியில் மட்டும் புது லூர் மாட்டி இரண்டு ராத்திரி பாருங்கள். அதில் மட்டும் பூச்சி விழுந்தால் மற்றதையெல்லாம் அன்றைக்கே மாற்றுங்கள். தொங்கும் குருத்தையும் கிள்ளிக் கொண்டுபோய் அழித்துவிடுங்கள்; புழு அதற்குள்தான் இருக்கும்.