சக்கரத்தைக் கேட்டுவிட்டுக் கொக்கியை மாட்டுங்கள்

புதுச்சேரியில் சுத்துக்கேணி, காட்டேரிக்குப்பம், திருக்கனூர் பக்கத்து இளைஞர்கள் சிலர் ரெக்கவரி வண்டி வாங்கித் தொழில் தொடங்கலாமா என்று யோசிக்கிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வில்லியனூர், பாகூர் பக்கமாகத்தான் போகிறது. நடுவழியில் நிற்கும் கார்களுக்குக் குறைவிருக்காது. ஆனால் பழைய கிரேன் வண்டிக்காரர்களிடம் கற்ற வித்தையை அப்படியே நம்பி இறங்காதீர்கள். முன்பக்கத்தைத் தூக்கு, பின்சக்கரத்தை உருட்டு என்பது அந்தக் காலத்துக்குப் போதுமானதாக இருந்தது. இன்று அதே வேலையில் ஒரு காரின் கியர்பாக்ஸையோ மோட்டாரையோ பத்து கிலோமீட்டருக்குள் தீர்த்துக்கட்டிவிட முடியும். பழி உங்கள் தலையில்தான் விழும்.

போன் வந்ததும் எந்த இடம் என்று கேட்பதோடு, "வண்டியை எந்தச் சக்கரம் ஓட்டுது?" என்றும் கேளுங்கள். பெரும்பாலான உரிமையாளர்களுக்குத் தெரியாது. மாடலின் பெயரை வைத்தும் முடிவு செய்ய முடியாது. எக்ஸ்யூவி 700 முன்சக்கர இயக்கத்திலும் உண்டு, ஆல் வீல் டிரைவிலும் உண்டு. கிராண்ட் விட்டாராவும் அப்படித்தான். ஹாரியர் இ.வி.யில் பின்பக்கம் மட்டும் மோட்டார் உள்ளதும் உண்டு, இரண்டு பக்கமும் உள்ளதும் உண்டு. நெக்ஸான் இ.வி., விண்ட்சர் முன்சக்கரத்தில் ஓடுபவை. மகிந்திரா பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ, எம்.ஜி. காமெட் ஆகியவை பின்சக்கரத்தில் ஓடுபவை. சந்தேகம் இருந்தால் வேரியண்ட் பெயரைக் கேளுங்கள், அடியில் குனிந்து பாருங்கள். அப்படியும் தெரியவில்லையா? நான்கு சக்கரமும் தரையில் படாமல் பிளாட்பெட்டில் ஏற்றுங்கள். அதில் தவறே நேராது.

ஆல் வீல் டிரைவில் என்னதான் ஆபத்து? முன், பின் சக்கரங்களை நீண்ட ஷாஃப்டும் நடுவே ஒரு கிளட்சும் இணைக்கின்றன. முன்பக்கத்தைத் தூக்கிவிட்டுப் பின்பக்கத்தை உருட்டினால், பின்சக்கரங்கள் அந்த ஷாஃப்டைச் சுழற்றும், முன்சக்கரங்கள் அசையாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய கிளட்ச் தேய்ந்து சூடேறும். எஞ்சின் ஓடாததால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் பம்பும் வேலை செய்யாது. ஆயில் இல்லாமல் சுழலும் பல்சக்கரம் எத்தனை நேரம் தாங்கும்? கிளட்ச் திடீரென்று பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம்: தூக்கிவைத்த முன்சக்கரம் சுழன்று வண்டியே தூக்குக் கம்பியிலிருந்து நழுவலாம்.

தார் மாதிரி பழைய பாணி ஃபோர் பை ஃபோர் வேறு ஜாதி. அதில் டிரான்ஸ்ஃபர் லீவரிலேயே நியூட்ரல் உண்டு. ஆனால் அதை நியூட்ரலில் போட்ட பிறகு, கியரில் விட்டிருந்தாலும் வண்டி உருளும். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் லீவரைத் தொடக்கூடாது.

எலெக்ட்ரிக் காரில் நியூட்ரல் என்பது பெயரளவில்தான். பெரும்பாலான மாடல்களில் மோட்டார் சக்கரத்தோடு எப்போதும் பல்லோடு பல்லாகக் கோத்தே இருக்கும். 'N' போட்டால் மின்சாரம் போவது நிற்குமே தவிர, மோட்டார் விடுபடாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் நிரந்தரக் காந்தம். சக்கரம் உருண்டால் அது ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். வண்டி அணைந்திருக்கும்போது அதைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. மோட்டாரும் இன்வெர்ட்டரும் சூடேறிக் கருகலாம். இழுத்துக்கொண்டே போனால் பேட்டரி சார்ஜ் ஆகும் என்று வீடியோ போடுகிறவர்களை நம்பி யாருடைய வண்டியையும் பரிசோதனைச் சாலை ஆக்காதீர்கள்.

"அண்ணே, டிராக்டர் பக்கத்துலயே நிக்குது, கயிறு கட்டி இழுத்துடலாமா?" என்று கேட்பார்கள். வரப்பிலிருந்து சாலைக்கு நாலு மீட்டர் மெதுவாக மீட்பது வேறு, வில்லியனூர் வரை இழுத்துப்போவது வேறு. முதலாவதற்குக்கூட வண்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டு, டோ ஹூக்கை மாட்டிச் செய்யுங்கள். அந்த ஹூக் பெரும்பாலும் டூல் கிட்டில் இருக்கும். பம்பரில் ஒரு சின்ன மூடியைக் கழற்றித் திருக வேண்டும். சில வெளிநாட்டுக் கார்களில் மரை இடப்பக்கமாகத் திரும்பும், வலுக்கட்டாயமாகத் திருகி மரையைக் கெடுத்துவிடாதீர்கள். சஸ்பென்ஷன் ஆர்மிலோ பேட்டரித் தட்டிலோ கயிறு கட்டுவது அறவே கூடாது.

எலெக்ட்ரிக் காரை ஏற்றும்போது அடிக்கடி வரும் தலைவலி 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி நிறைய சார்ஜோடு இருந்தாலும் இந்தச் சின்னது செத்துவிட்டால் எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் விடாது, 'N' விழாது, சில கார்களில் கதவே திறக்காது. பூஸ்டர் வைத்து உயிர் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தீரவில்லையா? சக்கரத்தடியில் உருளும் டாலியைத் தள்ளி ஏற்றுங்கள். பூட்டிய சக்கரத்தைத் தரதரவென்று இழுத்து ஏற்றாதீர்கள். வின்ச் ஓடும்போது கயிற்றின் நேர்கோட்டில் யாரையும் நிற்கவிடாதீர்கள். அறுந்தால் எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. மேலே ஏற்றியதும் நான்கு டயரையும் பெல்ட்டால் கட்டுங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். எலெக்ட்ரிக் கார்கள் பேட்டரியோடு சேர்ந்து கனமானவை, சில மாடல்கள் இரண்டு டன்னை எட்டும். உங்கள் வண்டியின் திறனை முதலில் கணக்குப் பாருங்கள்.

மழைக்காலம்தான் இந்த ஊரில் உண்மையான பரீட்சை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடியது. அந்த மாதிரி நீரில் நின்ற எலெக்ட்ரிக் காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சார்ஜரில் மாட்டாதீர்கள், பூஸ்டரையும் தொடாதீர்கள். ஆரஞ்சு நிற ஒயர்களுக்கு அருகில் கை போகக்கூடாது. புகை, சீறல், பட்டாசு போல வெடிக்கும் சத்தம், இனிப்பு கலந்த நெடி, இவற்றில் எது இருந்தாலும் விலகி நின்று 101-ஐ அழையுங்கள். உப்புநீர் பட்டால் இன்னும் கவனம் தேவை. 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயான் புயலுக்குப் பின், கடல்நீரில் மூழ்கிய கார்கள் சில நாட்கள் கழித்தும் தீப்பிடித்தன. ஆகவே ஏற்றிவந்த காரை ஷெட்டுக்குள் நிறுத்தாமல், கட்டடம், மற்ற வண்டிகளிலிருந்து 15 மீட்டராவது தள்ளி வெட்டவெளியில் விடுங்கள். இதற்கு இடம் இல்லாதவர் இந்த வேலையை ஏற்காமலிருப்பது நல்லது.

சட்டம் சுருக்கமாக. கயிறு கட்டி இழுத்தால் இரு வண்டிகளுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, வேகம் மணிக்கு 25 கி.மீ.யைத் தாண்டக்கூடாது, பின்வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், பின்னால் அறிவிப்புப் பலகை வேண்டும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட மொத்த எடையுள்ள போக்குவரத்து வண்டியையும் ஓட்டலாம். உங்கள் பிளாட்பெட் அதைத் தாண்டினால் கனரக லைசென்ஸ் எடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதாது, மேலே நிற்கும் காருக்குப் பொறுப்பேற்கும் காப்பீட்டை முகவரிடம் தனியாகக் கேளுங்கள். படிக்க நினைப்பவருக்கு ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரிக் வாகன மெக்கானிக் பிரிவே இப்போது இருக்கிறது.

வாடிக்கையாளரின் வண்டியைத் தொடும் முன்னமே நான்கு பக்கமும், டேஷ்போர்டில் எரியும் விளக்கும், சக்கரங்களும் தெரிய போட்டோ எடுத்து, ஏற்றும் கூலி, கிலோமீட்டர், வின்ச் வேலை மூன்றையும் தனித்தனியாக எழுதிய ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் சரியென்று பதில் போட்ட பிறகு கொக்கியை எடுங்கள்.