கையும் குழலும்

நோய் தீர வேண்டுமென்று மருத்துவமனைக்குச் செல்கிறோம். சென்ற இடத்திலேயே வேறொரு நோய் பற்றிக்கொண்டால் என் செய்வது? மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு நாட்கள் கழிந்தபின் தோன்றும் தொற்றைப் பொதுவாக மருத்துவமனைத் தொற்று என்பர். அவற்றுள் மிகக் கொடியவற்றில் ஒன்று, குருதியில் கிருமி கலப்பது.

கிருமி குருதிக்குள் எவ்வாறு நுழைகிறது? தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளிக்குக் கழுத்திலோ, காறை எலும்பின் கீழோ, தொடை இடுக்கிலோ உள்ள பெருஞ்சிரையில் மெல்லிய குழல் ஒன்றைச் செருகுவர். மருந்து அவ்வழியே செல்லும். உயிர் காக்கும் அந்தக் குழலே கிருமிக்கும் வழியாகிவிடுகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் குழலின் சுவரில் ஒட்டிப் பாசிபோல் படர்கின்றன. அப்படலத்தினுள் மருந்து எளிதில் வேலை செய்யாது. கிருமி பெருகினால் இரத்த அழுத்தம் வீழும், சிறுநீரகம் செயலிழக்கும், உயிரும் போகலாம். பிழைத்தவரும் பல நாட்கள் கூடுதலாகப் படுக்கையில் கிடக்க நேரும்.

கிருமியைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் மனிதர் கையே. இது பழைய பாடம். 1846இல் வியன்னாப் பொது மருத்துவமனையில், மருத்துவ மாணவர்கள் பணிபுரிந்த பிரிவில் பிள்ளை பெற்ற தாய்மார் நூற்றுக்குச் சுமார் 11 பேர் வீதம் இறந்தனர். மருத்துவச்சிகள் பிரிவிலோ 3 பேர்கூட இல்லை. பிணத்தை அறுத்துப் பயின்ற கையோடு பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என்று செம்மல்வைஸ் கண்டார். 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். அடுத்த ஆண்டில் சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது.

குழல் தொற்றுக்கும் இதே பாடம் பொருந்தும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் காட்டியது. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பீட்டர் புரோனவோஸ்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஐந்து விதிகளைக் கொண்டுவந்தனர்:

1. கை கழுவுதல்.
2. குழல் செருகும்போது முகமூடி, தொப்பி, தூய அங்கி, கையுறை அணிதல். நோயாளியின் உடலைத் தூய துணியால் மூடுதல்.
3. தோலைக் குளோர்ஹெக்சிடின் கொண்டு துடைத்தல்.
4. இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல்.
5. தேவையற்ற குழலை உடனே எடுத்துவிடுதல்.

அவசரமல்லாத வேளையில் விதி மீறப்பட்டால், மருத்துவரையே தடுத்து நிறுத்தும் உரிமை செவிலியருக்கு அளிக்கப்பட்டது.

பயன் என்ன? பத்து நோயாளிகளுக்குப் பத்து நாட்கள் குழல் இருந்தால் அது 100 குழல் நாட்கள். இவ்வாறு கணக்கிட்டதில், 1000 குழல் நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, பதினெட்டு மாதங்களில் 1.4 ஆயிற்று. 2006இல் இம்முடிவு வெளியாயிற்று. புதிய மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

நண்பர்களே! நம்மில் மருத்துவம் பயில்வோர் நாளை வார்டுக்குள் நுழைவர். பேராசிரியர் கை கழுவ மறந்தால், "ஐயா, கை கழுவவில்லையே" என்று பணிவோடு சொல்லும் துணிவு நமக்கு உண்டா? அதையே ஒரு செவிலியர் நம்மிடம் சொன்னால், சினம் கொள்ளாமல் குழாயடிக்குச் செல்வோமா? படுக்கையில் கிடப்பவரால் கேட்க இயலாது. அவருக்காக நாம்தான் கேட்க வேண்டும்.