பாஸ்தாவுக்குப் பதில் சுரைக்காய் இழை

பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் பாஸ்தா கேட்கிறார்களா? பிஞ்சுச் சுரைக்காய் ஒன்று போதும்.

1. முதலில் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். கசந்தால் முழுவதையும் எறியுங்கள். கசப்புச் சுரை விஷம், வேகவைத்தாலும் போகாது.

2. தோல் நீக்கி, நீள இழைகளாகச் சீவுங்கள். விதை தெரிந்ததும் நிறுத்துங்கள், நடுச்சதை குழையும். (அது பருப்புக்கு ஆகும்.)

3. உப்புப் பிசறி 10 நிமிடம் கழித்துப் பிழியுங்கள். நீர் நின்றால் வாணலியில் கூழாகிவிடும்.

4. காங்கேயத்துத் தேங்காயெண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பெருந்தீயில் 2 நிமிடம் புரட்டுங்கள். மூடாதீர்கள், ஆவியில் துவண்டுவிடும்.

5. வறுத்த நிலக்கடலைப் பொடி தாராளமாகத் தூவுங்கள். வெறும் காய் பசி தாங்காது.

சீஸ் கேட்டால்? ஊத்துக்குளி வெண்ணெய் அரை ஸ்பூன், அவ்வளவுதான்.