இயற்கை எழுத்தில் செமினார் எடுப்பது எப்படி?

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே செமினார் வந்துவிடுகிறது. தலைப்பு ‘இயற்கை எழுத்து’ என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: முந்தின நாள் இரவு கூகுளில் தேடி, மலை அருவிப் படங்களை பிபிடியில் ஒட்டி, ‘இயற்கையைக் காப்போம்’ என்று முடித்துக் கைதட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவது. அதில் இயற்கையும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு மாதம் கையில் இருந்தால் உருப்படியாகச் செய்யலாம். ஒரு நூலக அட்டை, ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும்.

முதல் வேலை, தலைப்பைச் சுருக்குவது. ‘உலக இலக்கியத்தில் இயற்கை’ என்று எடுத்தால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். ஓர் எழுத்தாளர், ஒரு நூல், அதிலும் இரண்டு மூன்று கட்டுரைகள் போதும். தமிழில் தொடங்குகிறவர்களுக்கு நான் மா. கிருஷ்ணனைத்தான் சொல்வேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 தொடங்கி இறக்கும்வரை இயற்கை பற்றி ஆங்கிலத்தில் பத்தி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் பெருமாள்முருகன் பதிப்பித்த ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’, தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ ஆகிய நூல்களில் கிடைக்கின்றன. பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்கு’ நூலும் நல்ல தொடக்கம். ஆங்கில இலக்கிய மாணவர் என்றால் தோரோவின் ‘வால்டன்’ அல்லது ரேச்சல் கார்சனின் ‘சைலன்ட் ஸ்பிரிங்’.

நூல் கைக்கு வந்ததும் கட்டுரையை நகலெடுத்துக்கொள்ளுங்கள் (நூலகப் புத்தகத்தில் கோடு போடாதீர்கள்). பென்சிலோடு படியுங்கள். எழுத்தாளர் தன் கண்ணால் பார்த்ததற்கு நேர்கோடு. பிறர் சொல்லிக் கேட்டதற்கும் படித்துத் தெரிந்துகொண்டதற்கும் அலைக்கோடு. அவராக நினைத்ததற்கு, ஊகித்ததற்கு ஓரத்தில் ஒரு புள்ளி. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஏனென்றால் இயற்கை எழுத்தைப் பிற எழுத்திலிருந்து பிரிப்பது வருணனை அல்ல. எது எங்கிருந்து வந்தது என்பதில் உள்ள நாணயம்தான்.

கோடு போட்டுப் பார்த்தால் ஒவ்வொருவரின் முறையும் தெரியவரும். கில்பர்ட் வைட் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1789இல் வெளியிட்ட செல்போர்ன் நூலில் நேர்கோடுதான் நிறைய விழும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்த மூன்று சின்னஞ்சிறு பறவைகளை அவற்றின் குரலை வைத்தே வெவ்வேறு இனம் என்று பிரித்துக் காட்டியவர் அவர். கார்சனின் 1962ஆம் ஆண்டு நூலில் அலைக்கோடுகள் ஓடும். பூச்சிக்கொல்லிகள் பற்றிப் பல அறிவியலாளர்கள் கண்டதைத் திரட்டி, இறுதியில் ஆதாரப் பட்டியலையும் நீளமாகக் கொடுத்திருக்கிறார். பறவைக் குரல் அடங்கிப்போன ஒரு கற்பனை ஊரோடு அந்த நூல் தொடங்குகிறது. அப்படி ஓர் ஊர் உண்மையில் இல்லை என்று அதே அத்தியாயத்தில் அவரே சொல்லிவிடுகிறார். தோரோ வேறு ரகம். 1845 ஜூலையில் ஏரிக்கரைக் குடிலுக்குப் போய் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் இருந்தார். நூல் வந்தது 1854இல். இடையில் பலமுறை திருத்தி எழுதினார். இரண்டு ஆண்டு வாழ்க்கையை ஒரே ஆண்டாகச் சுருக்கியும் இருக்கிறார். நேரில் பார்த்ததும்கூட மேசையில் செதுக்கப்பட்ட பிறகுதான் எழுத்தாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. செமினாரில் சொல்லுங்கள்.

படிப்போடு கூடவே பார்ப்பதும் நடக்க வேண்டும். கல்லூரி வளாகத்திலேயே ஓர் இடத்தைப் பிடியுங்கள். வேடந்தாங்கலுக்கோ முதுமலைக்கோ போக வேண்டியதில்லை. ஒரே ஒருநாள் போய்வந்தால் சுற்றுலாக் கட்டுரைதான் வரும். கேண்டீன் பின்புறம், சைக்கிள் ஸ்டாண்ட், விடுதித் தண்ணீர்த் தொட்டியடி என எதுவானாலும் சரி, அதே இடத்துக்கு வாரத்தில் சில நாள் போய் இருபது நிமிடம் உட்காருங்கள். போனைப் பையில் வையுங்கள். நோட்டில் தேதி, நேரம், வெயிலா மேகமா என்பதை முதலில் எழுதிவிட்டு, கண்ணில் பட்டதை அந்த இடத்திலேயே குறியுங்கள். அறைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், பார்த்ததோடு நினைத்ததும் கலந்துவிடும்.

எப்படிக் குறிப்பது? ‘இயற்கை அன்னையின் மடியில் பறவைகள் இன்பமாய்க் கூடு கட்டின’ என்று எழுதுவது பத்தாம் வகுப்புப் பழக்கம். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘காலை ஏழே கால். வேப்பமரம். காகம் ஒரு கட்டுக்கம்பித் துண்டைக் கவ்விக்கொண்டு வந்தது. நடுவில் பிடித்திருந்ததால் கம்பி இரண்டு பக்கமும் கிளையில் தட்டியது. சுவர்மேல் இறங்கி, கம்பியைக் கீழே வைத்து, ஒரு முனையைக் கவ்வி மறுபடி ஏறியது. இந்தமுறை உள்ளே போய்விட்டது.’ இதில் ஒரு பெயரடைகூட இல்லை. பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது என்பதுகூட இந்தக் கம்பியிலிருந்து ஊகிக்கக் கிடைக்கிறது. அந்த ஊகத்துக்கு ஓரத்தில் புள்ளி வைக்க மறக்காதீர்கள்.

பறவை போய்விட்டால் மரத்தைப் பாருங்கள். அது எங்கும் போகாது. வளாகத்தில் புங்கமரம் பெரும்பாலும் இருக்கும். இலையில் வெளிறிய திட்டு தெரிந்தால் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே குடியிருந்து தின்னும் ஒரு சின்னப் புழுவின் வேலை அது. அதிர்ஷ்டம் இருந்தால் புழுவும் தெரியும். ஒரு வாரக் குறிப்புக்கு அந்த ஓர் இலை போதும்.

பெயர் தெரியாமல் எழுத முடியாது. ‘ஏதோ ஒரு பறவை’ என்று இரண்டு முறைக்கு மேல் எழுதினால் கேட்பவருக்கு அலுத்துவிடும். மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் உதவும்; ஆனால் அவை சொல்வதைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முன் கல்லூரித் தோட்டக்காரரிடம் கேளுங்கள். “அண்ணா, இது என்ன மரம்?” என்றால் பெயரோடு, எப்போது பூக்கும், யார் வந்து காய் பொறுக்குவார்கள் என்பதும் சேர்ந்தே வரும். அப்படி வந்தது அலைக்கோடு. கட்டுரையில் ‘தோட்டக்காரர் சொன்னார்’ என்றே எழுதுங்கள்.

கவிதையிலும் சினிமாப் பாட்டிலும் பழகியதைச் சரிபார்க்காமல் எடுத்தாளாதீர்கள். நாம் ‘கூ… கூ’ என்று கேட்கும் கணீர்க் குரல் கறுத்த ஆண்குயிலுடையது. பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அதன் குரலே வேறு. பாடும் குயிலைப் பெண்ணாக்கி எழுதினால் விலங்கியல் துறை மாணவர் யாராவது எழுந்து கேட்பார். சங்க இலக்கியத்தைத் தொட விரும்பினால் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களையும் ஒப்பிக்க வேண்டாம். கொன்றை, ஆவிரை, தும்பை என்று உங்கள் ஊரில் இன்றும் நிற்கும் சிலவற்றைத் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கட்டுரை எழுதும்போது நூலுக்குப் பாதி, உங்கள் நோட்டுக்குப் பாதி. எழுத்தாளர் ஒரு காட்சியை எப்படிக் கட்டினார் என்று காட்டி, உங்கள் குறிப்பில் அதை முயன்றதையும் காட்டுங்கள். ‘அழகிய’, ‘ரம்மியமான’ இரண்டையும் அடித்துவிடுங்கள். பேசும் நாளில் பிபிடி வேண்டுமென்றால் இரண்டு ஸ்லைடு போதும்: கோடு போட்ட பக்கம் ஒன்று, நோட்டுப் பக்கம் ஒன்று. வலையிலிருந்து எடுத்த புலிப் படம் வேண்டாம்.

புத்தகத்தை மட்டும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். பல கல்லூரி நூலகங்களில் இவை ஒரு பிரதிதான் இருக்கும். அதுவும் இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள்; சென்னையில் இருப்பவர்கள் கன்னிமாராவில் பாருங்கள்.